மோடத்தை அணைத்துப் போடவும்

என் மாமனாருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், ஒரே இணைய இணைப்பை இழுத்துப் பிடித்துப் பங்கு போட்டுக்கொள்கிறோம். பேச்சு மட்டும் கிடையாது. உப்பு குறைந்தால் அவர் என் கணவரிடம், "அவகிட்ட சொல்லு, உப்பு பத்தல" என்பார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். "டப்பா அவர் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லுங்க" என்பேன். கணவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இரண்டையும் சொல்லாமல், டப்பாவை நகர்த்தி வைப்பார்.

கணவர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்க ஊரையே கேட்கிறார். வீட்டில் யார் பக்கம் நியாயம் என்று நாம் திருப்பிக் கேட்டால் மட்டும், "ரெண்டுமே தெளிவாத்தான் இருக்கு" என்று எழுந்து போய்விடுவார்.

சண்டைக்குக் காரணம் பஸ். மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர் ஓய்வு பெற்றால் என்ன செய்வார்? கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிறார். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு ஸ்டீயரிங்கைத் திருகி மாட்டியிருக்கிறார். தட்டு வைக்கிறவர்கள் அதில் இடிக்காமல் வைக்க வேண்டும். அந்த விளையாட்டில் மற்றவர்கள் சிக்னலை மதிக்காமல் பறக்கிறார்கள், நடைபாதையில் ஏறுகிறார்கள், ஆற்றில் குதிக்கிறார்கள். இவர் ஆளே இல்லாத நிறுத்தத்திலும் நிறுத்துவார், கதவைத் திறப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், அப்புறம்தான் கிளம்புவார். எவனாவது குறுக்கே வந்துவிட்டால், அவன் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்துவார். அங்கே எங்கள் துணி காயும்.

என்னுடைய வேலையும் விளையாட்டோடு சம்பந்தப்பட்டதுதான். இணையத்தில் விளையாட்டுகள் விற்கும் ஒரு கடையின் உதவி மையத்தில் வீட்டிலிருந்தபடியே பேசுகிறேன். படுக்கையறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு சின்ன மேசை, அதுதான் என் ஆபீஸ். மாமனார் வாங்குவதும் அந்தக் கடையில்தான். ஆனால் உதவி எண்ணைக் கூப்பிட்டால் எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில் ஆயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்து பேசுவார்கள் என்பது அவர் எண்ணம். பாதி சரி. அந்த ஆயிரத்தில் ஒருத்தி அவர் வீட்டுப் படுக்கையறையில் இருக்கிறாள் என்பதை அவர் யோசித்ததில்லை.

போன மாதம் ஒருநாள் மாமனாரின் பஸ் விளையாட்டு இணையத்தை இழுத்ததில் என் அழைப்பு விட்டு விட்டுக் கேட்டது. வாடிக்கையாளர் கத்த ஆரம்பித்தார். எனக்குத்தான் மூக்கு நுனியில் கோபமாயிற்றே. ஹாலுக்குப் போய், ஒரு வார்த்தை சொல்லாமல், மோடத்தின் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். மாமனார் அப்போது பஸ் நிறைய ஆட்களோடு ஒரு பாலத்தின் நடுவில் இருந்தார். கூட ஓட்டிய குழு அவரை 'வழியில் கைவிட்டவர்' என்று சொல்லி வெளியே தள்ளிவிட்டது. வாழ்நாளில் ஒரு பயணியை நடுவழியில் இறக்கியதில்லை என்று மார்தட்டுகிற மனிதர். என் கதவுக்கு வெளியே வந்து நின்று, "பெரியவங்கன்னு ஒரு மட்டு மரியாதை இருக்கா இந்த வீட்ல? அறிவு வேணாம்?" என்று ஒரு போடு போட்டார்.

அதற்குள் நான் அடுத்த வாடிக்கையாளரிடம், "சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்திருந்தேன். அறிவு வேணாமா என்றது தன்னைத்தான் என்று அந்த மனிதர் எடுத்துக்கொண்டார். புகார் போயிற்று. அந்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டியது, தள்ளிப்போயிற்று. ஒரே ஒரு வாய்ப்பு மறுபடி தருவார்கள், அதிலும் கோட்டை விட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தேன். அதைச் சொல்லிச் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

அந்த வாய்ப்பு இன்றைக்கு. எங்கள் தர மதிப்பீட்டு அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. காலையிலிருந்து நண்பகல்வரை தராசு அம்மா என் அழைப்புகளை நேரடியாகக் கேட்பார், என் திரையையும் பார்ப்பார். அழைப்பு துண்டிக்கப்பட்டால் போச்சு. வீட்டுச் சத்தம் கேட்டால் போச்சு. வழிமுறையில் எழுதியிருக்கிற ஒரு படியைத் தாண்டினாலும் போச்சு. காலையில் சாப்பிடும்போது கணவர் பொதுவாகக் காற்றைப் பார்த்து, "இன்னைக்கு இவளுக்குப் பரீட்சை. நெட்டு கட்டானா வேலை போயிடும்" என்று அறிவித்தார். மாமனார் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே காற்றைப் பார்த்து, "எனக்கும் இன்னைக்கு வேலை இருக்கு. மாடி பஸ் வருது" என்றார்.

அதுவும் விஷயம்தான். அந்த விளையாட்டுக்கு இன்று நண்பகல்வரை மட்டும் எங்கள் கடையில் ஒரு மாடி பஸ் தருகிறார்கள். அதற்கப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. மாமனார் வேலையில் இருந்தபோது மாடி பஸ்ஸை மூத்த டிரைவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம். இவர் மூத்தவராகும் நேரத்தில் மாடி பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள். இந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை, கணவருக்குச் சொல்லும்போது பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

முற்பகலில் அழைப்புகள் நன்றாகவே போயின. அப்புறம் திரையில் ஒரு எண் வந்தது. ஹாலில் உட்கார்ந்திருக்கிற மாமனாரின் எண்.

உறவினர் அழைத்தால் வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும் என்று எங்களுக்கு விதி. மதிப்பீட்டு நாளில் ஒரு அழைப்பை மாற்றினால் கைவிட்ட அழைப்பாகக் கணக்கு என்று இன்னொரு விதி. இரண்டையும் எழுதிய மகராசன் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும். எடுத்தேன்.

"வணக்கம் சார், உதவி மையத்துலேருந்து பேசறேன். உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

என் குரல் அவருக்கு போனிலும் கேட்டிருக்கும், கதவு வழியாகவும் கேட்டிருக்கும். ஹாலில் நாற்காலி கிறீச்சிட்டது. போனிலும் கிறீச்சிட்டது. வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம்மா. உங்க கடை தெறக்குது, ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. கடை பேரு தெரியுது, மேல தேடுற கட்டம் தெரியுது. பொருள் இருக்கற எடத்துல வெறும் சாம்பல் கலர்ல பொட்டி பொட்டியா நிக்குது. வட்டம் ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு."

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனசார மன்னிப்புக் கேட்டுக்கறோம் சார்."

இது எங்கள் வழிமுறையின் முதல் வாக்கியம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லும். ஆனால் சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது.

"என்ன சொன்னீங்க? லைன் சரியா இல்ல" என்றார்.

"ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கறோம் சார்."

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா. வயசாயிடுச்சுல்ல."

இரவில் பக்கத்து வீட்டு அலாரம் அடித்தால் எழுந்து உட்கார்கிற காது அது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாதமாக இந்த வீட்டில் யார் முதலில் கேட்பது என்று இழுபறியாக இருந்த மன்னிப்பு, கம்பெனி செலவில் மூன்று முறை கிடைத்துவிட்டது. "பரவால்ல, விடுங்க" என்றார் பெருந்தன்மையாக. எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை எரிந்தது.

முதல் படி, பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். சொன்னேன். புதுப்பித்தார். வட்டம் சுற்றியது. இரண்டாவது படி, கம்ப்யூட்டர் சேர்த்துவைத்திருக்கிற பழைய தற்காலிகக் கோப்புகளை அழிக்க வேண்டும்.

"அழிச்சா என் பஸ்ஸெல்லாம் போயிடுமா?"

"போகாது சார். அது வேற எடத்துல பத்திரமா இருக்கும்."

"ஒருதடவ அப்படித்தாம்மா, ஒருத்தங்க ஒயரப் புடுங்கினாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுத்தான் புடுங்கியிருப்பாங்க. பேர் போச்சு எனக்கு."

"புரியுது சார்" என்றேன். அதுவும் வழிமுறையில் இருக்கிற வாக்கியம்தான்.

அழித்தார். வரவில்லை. மூன்றாவது படிக்கு முன்னால் ஒரு கட்டாயக் கேள்வி உண்டு. அதை எழுதியவனை எனக்கு நேரில் பார்க்க வேண்டும். "உங்க வீட்ல இதே இணைப்பை வேற யாராவது பயன்படுத்தறாங்களா சார்?"

"ஒருத்தங்க இருக்காங்க" என்றார், இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி. "காலைல கதவச் சாத்துனா அப்புறம் சாப்பாட்டுக்குத்தான் தெறப்பாங்க. உள்ள ஊருக்கெல்லாம் சார், மேடம்னு தேன் ஒழுகும். வெளிய வந்தா ஒரு வார்த்தை கெடையாது. நாம என்ன, மேசை நாற்காலியா?"

வழிமுறைப்படி, புரியுது சார் என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவங்களுக்கும் ஏதாவது கஷ்டம் இருக்கலாம் சார். யாரோ வெளிய நின்னு கத்தி, அதனால அவங்க வேலைக்கே ஆபத்து வந்திருக்கலாம். நமக்குத் தெரியாதில்ல?"

என் காதில் தராசு அம்மாவின் விசைப்பலகை தட்டும் சத்தம் மெதுவாகக் கேட்டது. மதிப்பெண் கழிகிறது என்று அர்த்தம். "இருக்கலாம்" என்றார் மாமனார். குரலில் முன்பிருந்த மிடுக்கு இல்லை.

மூன்றாவது படி, வேறொரு பிரவுசரில் திறந்து பார்ப்பது. திறந்தார். அங்கேயும் சாம்பல் பெட்டிகள். மணி நண்பகலை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அவசரம் என்பது மூச்சிலேயே தெரிந்தது. "எப்படியாச்சும் வர வைம்மா. பன்னண்டு மணிக்குப் போயிடுமாம்" என்றார். அது வாடிக்கையாளர் பேச்சு இல்லை. எங்கள் வீட்டுப் பேச்சு. நான்காவது படியைப் பார்த்தேன்.

'மோடத்தை அணைத்து, பத்து வரை எண்ணிவிட்டு, மறுபடி போடச் சொல்லவும்.'

அவர் மோடத்தை அணைத்தால் என் இணைப்பு போகும், அழைப்பு துண்டிக்கப்படும், வேலை போகும். நான் அந்தப் படியைத் தாண்டினால் தராசு அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார், அப்போதும் வேலை போகும். ஊருக்கெல்லாம் வாய் வலிக்காமல் சொல்கிற வரி அது.

"சார்..."

"சொல்லும்மா."

"அடுத்தது வந்து... உங்க மோடத்தை அணைச்சு, பத்து எண்ணிட்டு, மறுபடி போடணும் சார்."

ஹாலில் நாற்காலி பின்னால் நகர்ந்தது. செருப்பு வைக்கிற அலமாரிக்கு மேலேதான் மோடம் இருக்கிறது. அதை நோக்கி நடக்கிற காலடி கேட்டது. ஒரு மாதத்துக்கு முன்னால் நான் பிடுங்கிய அதே ஒயரை இன்று நானே, கம்பெனியின் சார்பாக, தயவுசெய்து பிடுங்குங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானாக இருந்தால் பிடுங்கியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்திருக்கவே மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"அணைச்சுட்டேம்மா" என்றார்.

கண்ணைத் திறந்தேன். இணைப்பு இருந்தது. வாடிக்கையாளர் தன் மோடத்தை அணைத்துவிட்டார், என் வீட்டு மோடம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே மோடம்.

"எண்ணட்டுமா?"

"எண்ணுங்க சார்."

ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணினார். போனில் ஒரு தடவை, கதவுக்கு வெளியே ஒரு தடவை. பாதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன்.

"போட்டுட்டேன்" என்றார்.

"இப்ப பொருளெல்லாம் தெரியுதா சார்?"

இல்லை என்றால் தீராத புகார் என்று பதிவாகும். அதுவும் என் கணக்கில்தான் விழும். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே சொல்லியிருப்பார்.

"வந்துடுச்சும்மா. எல்லாம் பளிச்சுன்னு வந்துடுச்சு."

அடுத்து நான் கேட்டது வழிமுறையில் இல்லை. "மாடி பஸ் தெரியுதா சார்?"

"தெரியுதே. செவப்புக் கலரு. மேல மாடியில முன்னாடி பெரிய கண்ணாடி. படிக்கட்டு வளைஞ்சு போவுது. பித்தளைக் கைப்பிடி போட்டிருக்கான். நல்ல வண்டிம்மா." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். "நல்லாப் பேசினீங்க. வச்சுடட்டுமா?"

அழைப்பு முடிந்தது. உதவி திருப்தியா என்று கேட்கும் இயந்திரக் குரலுக்கு அவர் அழுத்திய எண் என் திரையில் வந்தது. முழு மதிப்பெண். இந்த மனிதர் என் கல்யாண விருந்துக்கே முழு மதிப்பெண் கொடுக்கவில்லை.

நண்பகல் ஆகும்வரை எனக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஹாலில் ஸ்டீயரிங் அசைகிற சத்தம்கூட இல்லை. அவர் எழுந்துபோய் அந்த ஒயரை ஒரு நிமிடம் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் மாடி பஸ் வந்துவிடும் என்றுதான் அவர் நம்பினார், நானே அல்லவா சொன்னேன். பிடுங்கவில்லை. மணி அடித்தது.

தராசு அம்மா லைனில் வந்தார். "வேலை உறுதி. கடிதம் வரும். நடுவுல ஒரு பெரியவர்கிட்ட அறிவுரை சொன்னதுக்குக் கொஞ்சம் கழிச்சிருக்கேன். இன்னொண்ணு, அந்த அழைப்புல எதிரொலி ரொம்ப இருந்துது. ஹெட்செட்டை மாத்துங்க" என்றார். மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு, அதைக் கழற்றிக் கட்டிலில் எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

மாமனார் ஸ்டீயரிங்மேல் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். திரையில் சாம்பல் பெட்டிகள். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. செவப்பும் இல்லை, பித்தளையும் இல்லை.

"மாமா, வேலை உறுதியாயிடுச்சு" என்றேன்.

"கேட்டுச்சு" என்றார் திரையைப் பார்த்தபடியே. பிறகு என்னைப் பார்த்தார். "சந்தோஷம்மா."

என் மடிக்கணினியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து மோடத்தின் அமைப்புகளைத் திறந்தேன். இனி யார் என் திரையைப் பார்த்தால் எனக்கென்ன? கடையின் முகப்பு ஒரு இடத்திலிருந்து வருகிறது, பொருள்களும் படங்களும் வேறொரு இடத்திலிருந்து வருகின்றன. அந்த இரண்டாவது இடத்தை யாரோ எங்கள் மோடத்தில் தடுத்துவைத்திருந்தார்கள். காலையில் நான் வேலை ஆரம்பிக்கும் நேரத்திலிருந்து சாயங்காலம் முடிக்கும்வரை. தடுத்தது என் கணவரின் போனிலிருந்து. தேதி, நாங்கள் சண்டை போட்டதற்கு மறுநாள்.

"அவனா?" என்றார் மாமனார். "அந்தப் பூனையா?"

எனக்கு என் கணவரின் கணக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. கடையை முழுக்க அடைத்தால் அப்பா கண்டுபிடிப்பார். அடைக்காமல் விட்டால், விளையாட்டு என் இணைப்பை இழுக்கிறது என்று நான் கத்துவேன். அதனால் பாதிக் கடையை மட்டும் அடைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் நல்லவனாக, வாயைத் திறக்காமல் ஒரு மாதம் உப்பு டப்பாவை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். பஸ் ஓட்டுவது கடைப்பக்கமே போகாமல் நடக்கிற காரியம் என்பதால் என் இணைப்புக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"அப்ப மோடத்தை அணைச்சிருந்தாலும் வந்திருக்காதா?" என்று கேட்டார்.

"வந்திருக்காது மாமா."

அவர் யோசித்தார். "அது தெரிஞ்சிருந்தா இவ்வளவு கஷ்டப்பட்டு உக்காந்திருக்க வேணாம்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

தடையை எடுத்தேன். எடுத்தால் மோடம் ஒருமுறை தானாக அணைந்து எழும். அணைந்தது. அந்தக் கொஞ்ச நேரம் வீட்டில் இணையம் இல்லை, அழைப்பு இல்லை, பஸ் இல்லை. பேசுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

"நீ போன்ல இருக்கேன்னு தெரியாம அன்னைக்குக் கத்திட்டேன்மா" என்றார்.

நான் பதில் சொல்லப் பார்த்தேன். யார் யாருக்கோ சரளமாகச் சொல்கிற அந்த வார்த்தை, எழுதிக்கொடுத்த தாள் இல்லாமல் வாயில் வரவே மாட்டேன் என்றது. "சொல்லாம ஒயரப் புடுங்கினது தப்பு மாமா" என்று மட்டும்தான் வந்தது. அவர் என் முதுகில் இரண்டு தட்டு தட்டினார், பஸ்ஸைக் கிளப்பச் சொல்லி பக்கவாட்டுத் தகரத்தில் தட்டுகிற மாதிரி.

மோடத்தின் விளக்குகள் எரிந்தன. பொருள்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன. லாரி, ரயில், சின்ன பஸ், பெரிய பஸ். மாடி பஸ் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வாய்ப்பு முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. கூடவே சின்னதாக ஒரு படம். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பஸ் பச்சை நிறத்தில் இருந்தது.

"பச்சையா?" என்றார் மாமனார் ஏமாற்றத்தோடு. "போவட்டும் விடு, நல்லாவே இல்ல."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. கணவர். சாப்பாட்டு இடைவேளையில் நிலவரம் எப்படி என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விசாரிப்பது அவர் வழக்கம். மாமனார் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். போனை மேசைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டினார்.

"அப்பா, எல்லாம் சரியா இருக்கா? அவ என்ன சொல்றா?"

"எல்லாம் சரியா இருக்குடா" என்றார் மாமனார் தேன் ஒழுக. "சாயங்காலம் சீக்கிரம் வந்துடு. நாங்க ரெண்டு பேரும் உங்கிட்டக் கொஞ்சம் பேசணும்."

"நாங்க ரெண்டு பேருமா?" என்றார் கணவர். முதலில் அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம்தான். அது பயமாக மாறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.